ஒற்று மிகுந்த இடம்

வெனிஸ். திருவிழாக் காலத்தின் மூன்றாம் வாரம்.
கால்வாயிலிருந்து ஏறிய மூடுபனி
என் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது, கடன்காரன் மாதிரி.
இசைத்தாள்களைப் பிரதி எடுப்பவள் நான்.
பக்கத்துக்கு நான்கு செம்புக்காசு.
மைக்கறைக்குப் பிடித்தம் உண்டு,
பொருட்பிழைக்குக் கிடையாது.

டீட்மார் க்ரேவெ என்ற அந்த சாக்ஸனிக்காரனுக்கு
இருபத்து மூன்று வயது. முதல் இத்தாலிய ஓபரா.
எங்கள் மொழியை அவன் காதால்தான் தின்றான்,
முள்ளோடு.

கதை கார்த்தேஜில். நகரம் எரிகிறது,
மதிலுக்குள் ரோமாபுரிப் படை.
அரசி அரிஷாத்தாகப் பாடுவது அன்சேல்மோ,
சிறுவயதில் கத்தி பட்டவன்,
ஆறடி உயரம், தலையில் பதினொரு தீக்கோழி இறகு.
கார்த்தேஜில் எவள் இப்படி உடுத்தினாள் என்றேன்.
பார்த்தவர் யார் என்றார் உடுப்புக்காரர்.

கடைசி இரவு ஒரு பாட்டை மாற்றினான்.
விடியப்போகும் நேரம், உலராத தாளோடு வந்து நின்றான்.
சாம்பலைப் பார்த்து அரசி சொல்ல வேண்டியது:
என்னை விட்டுப் போ, பேனா.
பேனா என்றால் எங்களுக்கு வேதனை.
அவன் எழுதியிருந்தது, பென்னா.
பென்னா என்றால் இறகு;
அந்நேரம் நான் மையில் தோய்த்துக்கொண்டிருந்ததும் அதுதான்.
மிகக் கூடாத இடத்தில்
ஓர் ஒற்று மிகுந்துவிட்டது.

சுரண்டுகத்தி பக்கத்திலேயே இருந்தது.
ஆனால் அந்த ஒற்றின் மேல்
சுரத்தை நிறுத்தி வைத்திருந்தான்,
கதவைச் சாத்த மனமில்லாதவன் போல.
சுரண்டினால் சுரம் நிற்க இடமில்லை.
அதனால் விட்டேன் என்று சொல்வேன்.
தூக்கம் வந்தது என்பதும் உண்மை.

மறுநாள் மாடங்களில் ஆரஞ்சு உரித்தார்கள், சீட்டாடினார்கள்,
கீழே இருந்தவன் தொப்பியில் துப்பினார்கள்.
மெழுகுத்திரி வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் படித்தவர்கள்
பக்கத்துக்குப் பக்கம் சொட்டினார்கள்.
நான்கு படகோட்டிகள் கைப்பிடி சுற்ற, அலை புரண்டது.
கார்த்தேஜ் எரிந்தது.
தீய்ந்த வாசனை மட்டும் நிஜம்,
யாரோ திரையின் ஓரத்தைப் பொசுக்கியிருந்தார்கள்.

அரசி வந்து பாடினாள்:
என்னை விட்டுப் போ, இறகே.

கையில் வேதனை, காதில் இறகு.
ஒரு மாடத்தில் சிரிப்பு, பிறகு ஏழு மாடத்தில்.
எவனோ கோழிபோல் கொக்கரித்தான்.
ஹார்ப்சிகார்டில் இருந்த டீட்மாருக்கு
எதற்கென்று புரியவில்லை. விரல்கள் நிற்கவில்லை,
காது மட்டும் சிவந்தது.

பாட்டின் முதல் பகுதி மறுபடி வர வேண்டும்.
அதுதான் வழக்கம். அன்று அதுதான் கண்டம்.

வந்தது.
அன்சேல்மோவின் கை மெல்ல மேலே போயிற்று.
ஓர் இறகைப் பிடுங்கினான்;
தொப்பியிலிருந்துதான், ஆனால்
தோலிலிருந்து பிடுங்கியவன் முகம்.
விளக்குகளுக்கு மேல் நீட்டி, விட்டான்.

அது விழவில்லை.
மெழுகுச் சூட்டில் எழும்பி
எரியும் நகரத்துக்கு மேலே நின்றது,
அந்த ஒற்றை அவன் எவ்வளவு நேரம் பிடித்தானோ
அவ்வளவு நேரம்.
போட வந்த சீட்டு ஒருவன் கையிலேயே நின்றது.
கொக்கரித்தவன் வாயும் அப்படியே.

பிறகு ஒரு மீன்காரியின் மடியில் இறங்கிற்று.
கேட்டவர்கள் யாருக்கும் அவள் தரவில்லை.

காலையில் டீட்மார் காசு எண்ணிக்கொண்டே கேட்டான்,
முதலில் ஏன் சிரித்தார்கள்?
யார் மேலோ மெழுகு சொட்டியிருக்கும் என்றேன்.
பிறகு ஏன் அழுதார்கள் என்று கேட்கவில்லை.
அது தெரியும் என்று நினைத்தான்.
முழுக்கத் தப்பும் இல்லை.

அரங்க முதலாளி ஸாக்கரியா
ராத்திரிக்கு ஓர் இறகு என்று உத்தரவு போட்டார்.
புது இறகு வாங்க மட்டும் அவருக்குக் கை வரவில்லை.
பன்னிரண்டாம் இரவு அரசியின் தலை மொட்டை.

அன்சேல்மோ அந்த இடத்துக்கு வந்தான்,
தலையைத் தடவினான்,
வெறுங்கையை நீட்டி விரித்தான்.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்.